கரேன் நிலத்தில் எந்தப் படை யாருடையது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பர்மாவில் (இன்றைய மியான்மரில்) தாய்லாந்து எல்லையிலுள்ள மியாவாடியின் இணைய மோசடி மையங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அவற்றுக்குக் காவல் நின்றவர்கள் கரேன் இன ஆயுதக் குழுவினர் என்று அதில் ஒரு வரி இருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் கரேன் மக்களின் போராட்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கேஎன்யூ, டிகேபிஏ, பிஜிஎஃப், கேஎன்ஏ என்று செய்திகளில் வரும் பெயர்கள் எல்லாம் கரேன் அமைப்புகள்தானா? ஒரே இனத்துக்கு ஏன் இத்தனை படைகள்?
– ஒரு வாசகர், விருதுநகர்

ஆம், எல்லாமே கரேன் மக்களிடையே தோன்றிய அமைப்புகள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மூல அமைப்பு 1947 பிப்ரவரி 5 அன்று ரங்கூனில் தொடங்கப்பட்ட கரேன் தேசிய ஒன்றியம். செய்திகளில் கேஎன்யூ என்று வருவது அதுதான். கரேன் தேசிய விடுதலைப் படை அதன் முறையான படை. கேஎன்யூ தன் நிலத்தை ஏழு மாவட்டங்களாகப் பிரித்து, மாவட்டத்துக்கு ஒரு பிரிகேட் என்ற கணக்கில் ஏழு பிரிகேடுகளை நிறுத்தியிருக்கிறது. 1947 ஜூலையில் ஊர்க்காவலுக்காகத் தொடங்கப்பட்ட கரேன் தேசியப் பாதுகாப்பு அமைப்பும் இன்றுவரை அதன் கீழேயே இயங்குகிறது.

மற்றவை எல்லாம் இந்த மரத்திலிருந்து வெவ்வேறு காலங்களில் முறிந்த கிளைகள். 1994 டிசம்பரில் பௌத்த வீரர்கள் கலகம் செய்து ஜனநாயக கரேன் பௌத்தப் படையை (டிகேபிஏ) அமைத்தார்கள். 1997இல் தெற்கே ஆறாவது பிரிகேடிலிருந்து ஒரு பிரிவு விலகி கரேன் அமைதிப் படை ஆனது. 2007இல் ஏழாவது பிரிகேடின் தளபதியாக இருந்த தெயின் மாங் தனியே ராணுவ அரசுடன் உடன்பாடு செய்துகொண்டார். 2010இல் பௌத்தப் படையின் பெரும்பகுதி ராணுவத்தின் எல்லைக் காவல் படையாக மாறியது; பிஜிஎஃப் என்பது அதுதான். அதற்கு உடன்படாத பகுதி, டிகேபிஏ என்ற அதே சுருக்கப் பெயரை வைத்துக்கொண்டு, அதன் ஆங்கில விரிவில் பௌத்தம் என்ற சொல்லுக்குப் பதிலாக 'பெனவலண்ட்' (நலம் நாடும்) என்று மாற்றிக்கொண்டு, தனியே நின்றது. எல்லைக் காவல் படை 2024இல் கரேன் தேசிய ராணுவம், அதாவது கேஎன்ஏ, என்று பெயரை மாற்றிக்கொண்டது. இவற்றுக்கிடையே 2022இல், கேஎன்யூவின் மறைந்த தலைவர் போ மியாவின் மகன் நெர்டா மியா கோத்தூலே படை என்று இன்னொன்றைத் தொடங்கினார்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு குழுவைப் பற்றியும் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும் என்பது என் எண்ணம்: இந்தப் படை யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது? சோறு போடும் கிராமத்துக்கா, மாநாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கா, தலைநகர் நைப்பிடாவிலுள்ள ராணுவத் தலைமைக்கா, அல்லது ஆற்றங்கரையில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த முதலாளிக்கா? பெயரில் கரேன் என்று இருப்பதனால் மட்டும் இதற்கு விடை கிடைத்துவிடாது.

கேள்வி: பர்மா விடுதலை பெற்றபோதே கரேன் மக்களுக்கு மாநிலம் கிடைக்கவில்லையா? ஆயுதம் எடுக்கும் அளவுக்கு அப்போது என்ன நடந்தது?
– ஒரு வாசகி, காரைக்குடி

இதற்குப் போர்க்காலத்துக்குப் போக வேண்டும். 1942இல் ஜப்பானியருடன் உள்ளே வந்த பர்மிய விடுதலைப் படையினர், ஐராவதிக் கழிமுகத்தில் மியாங்மியா மாவட்டத்தின் கரேன் கிராமங்களில் கூட்டக் கொலைகளைச் செய்தார்கள். பிரிட்டிஷ் படையில் பெருமளவில் சேர்ந்திருந்த கரேன்கள் ஆங்கிலேயரின் ஆட்கள் என்று கருதப்பட்டதே காரணம். கிழக்கு மலைகளிலோ கரேன் கிராமத்தார் மேஜர் ஹியூ சீகிரிம் என்ற பிரிட்டிஷ் அதிகாரியை மறைத்துவைத்துக் காப்பாற்றினார்கள். அதற்காக ஜப்பானியர் கிராமத்தாரைச் சித்திரவதை செய்தபோது, அதை நிறுத்துவதற்காக அவர் 1944இல் தாமே சரணடைந்து மரண தண்டனை பெற்றார். இவ்வளவு விலை கொடுத்த தங்களைப் பிரிட்டன் கைவிடாது என்று கரேன் தலைவர்கள் நம்பியது இயல்பே. 1946 ஆகஸ்டில் சா பா ஊ ஜீ உள்ளிட்ட நால்வர் லண்டன் சென்றார்கள். உபசாரம் கிடைத்தது, வாக்குறுதி எதுவும் கிடைக்கவில்லை.

1947 பிப்ரவரியில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான், ஒன்றாக விடுதலை பெறுவதற்காக ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களுடன் பாங்லோங் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது, கரேன் தரப்பு பார்வையாளராக மட்டுமே அங்கே இருந்தது. அரசியல் நிர்ணய சபைத் தேர்தலைக் கேஎன்யூ புறக்கணித்தது. விளைவாக, புதிய அரசியலமைப்பு ஷான், கச்சின், கரென்னி மாநிலங்களுக்கு எல்லை வரைந்தது. கரேன் மாநிலத்தின் எல்லையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தது. அந்தத் தேர்தல் புறக்கணிப்பு கேஎன்யூ செய்த பெரிய பிழை என்றே நான் கருதுகிறேன். ஆனால் கழிமுகத்தில் பர்மியர்களோடு கலந்து வாழ்ந்த கரேன்களின் ஊர்களை எந்த வரைபடத்தில் சேர்ப்பது என்ற சிக்கல், அவர்கள் சபைக்குள் இருந்திருந்தாலும் எளிதில் தீர்ந்திருக்காது.

1948 பிப்ரவரி 11 அன்று பர்மாவின் பல ஊர்களில் லட்சக்கணக்கான கரேன்கள் அமைதியாக ஊர்வலம் போனார்கள். அவர்கள் ஏந்திய பதாகைகளில் கரேன் மாநிலத்தை உடனே கொடு என்பதோடு, இனக்கலவரம் வேண்டாம், உள்நாட்டுப் போர் வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், தெனாசரிம் கடற்கரையிலுள்ள பலாவ் என்ற ஊரில், தேவாலயத்தில் கூடியிருந்த மக்கள் மீது கையெறி குண்டுகள் வீசப்பட்டன. அங்கு மட்டும் எண்பது பேரளவில் இறந்தார்கள். 1949 ஜனவரி 31 அன்று ரங்கூனை ஒட்டிய இன்செய்னில் சண்டை வெடித்தது. மறுநாள், நாட்டின் ராணுவத் தளபதியாக இருந்த ஸ்மித் டன் என்ற கரேன் ஜெனரல் நீக்கப்பட்டு, அந்த இடத்துக்கு நே வின் வந்தார். இன்செய்ன் 112 நாட்கள் தாக்குப்பிடித்தது.

சா பா ஊ ஜீ கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர். விடுதலைக்கு முந்தைய அமைச்சரவையில் இருந்தவர். 1950 ஆகஸ்ட் 12 அன்று, தாய்லாந்து எல்லைக்கு அருகே காவ்கரெய்க் பகுதியில் ராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. கல்லறை ஒன்று எழும்பிவிடக் கூடாது என்பதற்காக உடலைக் கடலில் போட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளைக் கரேன் மக்கள் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறார்கள். அவர் வகுத்த நான்கு கொள்கைகள் இன்றும் கேஎன்யூ அலுவலகச் சுவர்களில் இருக்கின்றன: சரணடைதல் என்ற பேச்சுக்கே இடமில்லை, கரேன் மாநிலத்துக்கான அங்கீகாரம் முழுமையாக இருக்க வேண்டும், ஆயுதங்களை நாமே வைத்திருப்போம், நமது அரசியல் எதிர்காலத்தை நாமே தீர்மானிப்போம். அரசு 1952இல் கரேன் மாநிலம் ஒன்றை அமைக்கத்தான் செய்தது. ஆனால் அது கிழக்கு மலைப்பகுதிக்குள் அடங்கியது, கழிமுகத்துக் கரேன்கள் அதற்கு வெளியே நின்றார்கள்.

கேள்வி: கேஎன்யூ கிறிஸ்தவர்களின் அமைப்பு என்றும், டிகேபிஏ பௌத்தர்களின் அமைப்பு என்றும் படித்தேன். அப்படியென்றால் இது மதச் சண்டைதானே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

இந்த விளக்கம் வசதியானது. உண்மையின் ஒரு பங்கையும் கொண்டிருக்கிறது. அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கரேன்களில் பெரும்பான்மையினர் பௌத்தர்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் வந்த பின் ஒரு சிறுபான்மை கிறிஸ்தவமானது. பள்ளியும் அச்சகமும் கரேன் எழுத்தும் முதலில் அவர்களுக்குக் கிடைத்ததால், அரசியல் தலைமையும் இயல்பாகவே அவர்களிடம் சேர்ந்தது. கேஎன்யூவின் உயர்மட்டத்தில் கிறிஸ்தவர்கள் மிகுதியாகவும், முன்னணியில் துப்பாக்கி தூக்கிய வீரர்களில் பௌத்தர்கள் மிகுதியாகவும் இருந்தது இப்படித்தான். விதிவிலக்குகளும் உண்டு: 2008 பிப்ரவரி 14 அன்று தாய்லாந்தின் எல்லை நகரான மே சொட்டில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பொதுச்செயலாளர் மான் ஷா லா பான் கிறிஸ்தவர் அல்லர்.

1994இல் வெடித்த பூசலின் களம், சால்வீன் ஆறும் தாய்லாந்து எல்லையில் ஓடும் மோய் ஆறும் கூடும் தூ முவே தா என்ற இடம். உ துசானா என்ற செல்வாக்குமிக்க கரேன் பிக்கு, அங்கே மேட்டின் மேல் ஒரு பகோடாவைக் கட்டினார். கேஎன்யூவின் தலைமையகமான மானெர்ப்லா அதற்கு மிக அருகில் இருந்தது. தொலைவிலிருந்தே தெரியும் வெள்ளைப் பகோடா விமானத் தாக்குதலுக்கு அடையாளமாகிவிடும் என்று சொல்லித் தளபதிகள் தடுத்தார்கள். ராணுவக் கண்ணோட்டத்தில் அந்தக் காரணம் பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் மழையிலும் மலேரியாவிலும் முன்னணிக் காவலில் கிடந்து, மேலே பதவி உயர்வு யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பௌத்த வீரனின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? பகோடா ஒரு தீப்பொறிதான். அதற்கு முன்பே விறகு அடுக்கப்பட்டிருந்தது: ஊதியமில்லாத பணி, கேட்கப்படாத முறையீடுகள், எல்லை வணிகத்தில் செழித்த சில அதிகாரிகளின் வாழ்க்கை.

மறுபுறத்தில் ராணுவம் இதற்காகக் காத்திருந்தது. கலகக்காரர்களுக்கு உணவும் ஆயுதமும் கொடுத்தது. உ துசானாவின் இருப்பிடமான மியாய்ங் ஜீ ஙூவுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு ராணுவத்தின் சுமை தூக்கும் கட்டாய வேலையிலிருந்து விலக்குக் கிடைக்கும் என்ற பேச்சு கிராமங்களில் பரவியது. அந்தக் காலத்தில் சுமை தூக்குவது என்றால், வயலில் நிற்பவரைப் பிடித்துக்கொண்டுபோய், தோட்டாப் பெட்டிகளை முதுகில் ஏற்றி, கண்ணிவெடி இருக்கக்கூடிய பாதையில் படைக்கு முன்னால் நடக்கவைப்பது. மாமிசம் தவிர்த்து வாழும் ஒரு பிக்குவின் ஊரில் குடியேறினால் அந்தக் கொடுமையிலிருந்து தப்பலாம் என்று ஒரு தாய் நினைத்திருந்தால், அவளை எந்தத் துரோகப் பட்டியலில் சேர்ப்பது?

புதிதாகப் பிரிந்தவர்கள் காட்டுப்பாதைகளை ராணுவத்துக்குக் காட்டிக்கொடுத்தார்கள். 1995 ஜனவரி 27 அன்று மானெர்ப்லா வீழ்ந்தது. இருபதாண்டுக் காலக் கோட்டை கலகம் தொடங்கிச் சில வாரங்களில் போயிற்று. பிறகு டிகேபிஏ ஆட்கள் தாய்லாந்துக்குள்ளிருந்த அகதி முகாம்களையே தாக்கினார்கள், குடிசைகளைக் கொளுத்தினார்கள். அந்த முகாம்களில் பௌத்தர்களும் இருந்தார்கள். மதமே காரணம் என்றால் இது நடந்திருக்காது.

ஆகவே என் முடிவு: மதம் பிளவுக்கு முகத்தைக் கொடுத்தது, உடலைக் கொடுத்தது தலைமைக்கும் வீரர்களுக்கும் இடையிலிருந்த தூரம். அந்தத் தூரத்தை வளரவிட்டது கேஎன்யூவின் பிழை. அதைக் கோடரியாக்கிப் பிளந்தது ராணுவத்தின் திட்டம். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

கேள்வி: இவ்வளவு ஆண்டுகள் போர் நடத்தப் பணம் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், ஈரோடு

நே வின் 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிச் சோஷலிசம் என்ற பெயரில் வணிகத்தையெல்லாம் அரசுடைமையாக்கியபோது, பர்மாவில் சோப்பும் துணியும் மருந்தும் கிடைக்காமல் போயின. அவை தாய்லாந்திலிருந்து காட்டு வழியாக வந்தன. மாடுகளும் வெள்ளீயமும் தேக்கும் அதே வழியில் வெளியே போயின. அந்த வழியில் மோய் ஆற்றங்கரை நெடுகிலும் போ மியாவின் ஆட்கள் சுங்கச் சாவடிகளை வைத்தார்கள். படகு கரை சேர்ந்ததும் மூட்டைகள் எண்ணப்படும், விலை மதிப்பிடப்படும், அதில் ஒரு சிறு விழுக்காடு வரியாக வாங்கப்பட்டு ரசீது கொடுக்கப்படும். கிழக்கு எல்லையில் ஓர் அரசே நடப்பதற்கு அந்த வருவாய் போதுமானதாக இருந்தது. போ மியா 1976இல் கேஎன்யூவின் தலைவரானார்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ராணுவம் 1960களில் நான்கு வெட்டு என்ற முறையைக் கையாளத் தொடங்கியது: போராளிகளுக்குப் போகும் உணவு, பணம், தகவல், ஆள் ஆகிய நான்கையும் அறுப்பது. நடைமுறையில் அது கிராமங்களைக் காலிசெய்து, நெற்குதிர்களை எரித்து, மக்களை வேலியிட்ட இடங்களுக்குள் அடைப்பதாக இருந்தது. 1970களின் நடுப்பகுதிக்குள் கழிமுகத்திலும் பெகு மலைத்தொடரிலும் கேஎன்யூ துடைத்தெறியப்பட்டது. நெல் விளையும் சமவெளியை இழந்து சுங்கச் சாவடியை நம்பி வாழ வேண்டிய நிலை வந்தபோதே, இயக்கம் கிராமத்திடமிருந்து சற்று விலகி வணிகரிடம் சற்று நெருங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

தாய்லாந்தின் ஆதரவும் நிலையானதாக இல்லை. கேஎன்யூவைத் தனக்கும் பர்மாவுக்கும் இடையிலான தடுப்புச் சுவராக வைத்திருந்த பாங்காக், 1988க்குப் பிறகு போர்க்களங்களைச் சந்தைகளாக மாற்றப்போவதாக அறிவித்து ரங்கூனுடனேயே பேரம் பேசியது. தன் காடுகளில் மரம் வெட்டுவதை 1989 ஜனவரியில் தடைசெய்த தாய்லாந்து, தன் மர நிறுவனங்களைப் பர்மாவின் எல்லைக் காடுகளுக்கு அனுப்பியது. லாரிகள் போகச் சாலைகள் வந்தன. அந்தச் சாலைகள் ராணுவத்துக்கும் பயன்பட்டன.

கேள்வி: இரட்டைச் சிறுவர்கள் நடத்திய 'கடவுளின் படை' என்று சிறுவயதில் நாளிதழில் படித்த நினைவு. அது உண்மையா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

உண்மைதான். 1997இல் ராணுவம் தெற்குப் பகுதியில் நடத்திய பெரும் தாக்குதலில் கேஎன்யூவின் அணிகள் பின்வாங்கிய இடத்தில், ஜானி, லூதர் ஹ்தூ என்ற இரட்டையரைத் தெய்வ அருள் பெற்றவர்களாக நம்பிய ஒரு சிறு குழு நின்று போரிட்டது. 2000 ஜனவரியில் அவர்களோடு தொடர்புடையவர்கள் தாய்லாந்தின் ராட்சபுரி நகரில் ஒரு மருத்துவமனையைக் கைப்பற்ற, தாய்லாந்துப் படை அவர்கள் அனைவரையும் சுட்டுக் கொன்றது. ஓராண்டுக்குப் பின் இரட்டையர் சரணடைந்தார்கள். உலகப் பத்திரிகைகள் சுருட்டுப் புகைக்கும் சிறுவர்களின் படத்தைப் போட்டுத் தீர்த்தன. அவர்களின் ஊர்கள் ஏன் காலியாயின என்பதை எழுதியவை மிகக் குறைவு.

கேள்வி: மோசடி மையங்களுக்குக் காவல் நின்றது எந்தக் குழு? தமிழக இளைஞர்கள் அங்கே சிக்கியதற்கும் கரேன் விடுதலைப் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு?
– ஒரு வாசகி, திருவள்ளூர்

2008ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 338ஆம் பிரிவு, நாட்டிலுள்ள எல்லா ஆயுதப் படைகளும் ராணுவத் தலைமையின் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. அதைக் காட்டி, போர்நிறுத்தம் செய்திருந்த குழுக்களை எல்லைக் காவல் படைகளாக மாறச் சொன்னார்கள். ஒரு பட்டாலியனுக்கு 326 பேர்; அவர்களில் 30 பேர் ராணுவத்திலிருந்து வருவார்கள்; சம்பளமும் சீருடையும் ராணுவம் தரும். 2010 ஆகஸ்டில் சா சிட் து தலைமையில் டிகேபிஏவின் பெரும்பகுதி இதை ஏற்றது. ஏற்காத ஐந்தாவது பிரிகேட், அந்த ஆண்டு நவம்பர்த் தேர்தல் சமயத்தில் மியாவாடிக்குள் புகுந்து சண்டையிட்டது. ஏறத்தாழ 20,000 பேர் ஆற்றைக் கடந்து மே சொட்டுக்கு ஓடினார்கள்.

ராணுவம் கொடுத்த சம்பளத்தைவிடப் பெரிய சலுகை, தங்கள் பகுதியில் எந்தத் தொழிலையும் கேள்வியின்றி நடத்திக்கொள்ளலாம் என்பது. மோய் ஆற்றங்கரையில் ஷ்வே கொக்கோ என்ற ஊரில் சீன முதலீட்டாளர் ஷே ஜிஜியாங்கின் யாதாய் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நகரமே எழுந்தது. முதலில் சூதாட்ட விடுதிகள். கொரோனாவுக்குப் பின் இணைய மோசடி. தெற்கே கேகே பார்க் என்ற இன்னொரு மோசடி வளாகம். டிகேபிஏவில் எஞ்சிய பகுதியும் தன் கட்டுப்பாட்டிலுள்ள இடங்களில் இதே தொழிலை அனுமதித்தது. கேஎன்யூவின் சில அதிகாரிகள் மீதும் தொடர்புக் குற்றச்சாட்டுகள் எழுந்து, அமைப்பு விசாரணை நடத்த நேர்ந்தது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அளவிலும் பொறுப்பிலும் எல்லைக் காவல் படையின் பங்கே முதன்மையானது. சா சிட் து மீது பிரிட்டன் 2023 டிசம்பரிலும், அமெரிக்கா 2025 மே மாதத்திலும் தடை விதித்தன. டிகேபிஏ மீது அமெரிக்கா 2025 நவம்பரில் தடை விதித்தது.

தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று நம்பி விமானம் ஏறிய நம் பிள்ளைகள், மே சொட்டிலிருந்து இரவில் ஆற்றைக் கடத்தப்பட்டு இந்த மதில்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். 2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் தரும் மின்சாரத்தைத் துண்டித்த பின் ஆயிரக்கணக்கானோர் வெளியே விடப்பட்டார்கள். மார்ச்சில் இந்திய விமானப்படையின் இரு விமானங்களில் 549 இந்தியர்கள் திரும்பினார்கள்.

போராட்டத்தோடு இதற்குள்ள தொடர்பு இதுதான்: விடுதலைக்காகத் தூக்கிய துப்பாக்கி, மக்களுக்குக் கணக்குச் சொல்வதிலிருந்து விடுபட்டால் இங்கேதான் வந்து சேரும். அந்த மையங்களுக்காக நிலத்தை இழந்தவர்களும் கரேன் விவசாயிகளே. ஆகவே "கரேன்கள் நம் பிள்ளைகளை அடைத்துவைத்தார்கள்" என்று கடிதத்தில் எழுதியிருந்த அன்பர்கள், அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: 2024 ஏப்ரலில் மியாவாடியைப் பிடித்த கேஎன்யூ, சில நாட்களிலேயே ஏன் அதை விட்டது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

2021 பிப்ரவரி 1ஆம் தேதி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, நகரங்களிலிருந்து ஓடிவந்த பர்மிய இளைஞர்களுக்கு கேஎன்யூ அடைக்கலமும் பயிற்சியும் கொடுத்தது. 2015இல் எட்டு அமைப்புகளோடு கையெழுத்தான தேசியப் போர்நிறுத்த ஒப்பந்தம் அதோடு செத்தது. (அந்த எட்டில் மூன்று கரேன் அமைப்புகள் என்பதையும் கவனிக்கலாம்.) 2021 மார்ச் 27 அன்று கேஎன்யூவின் ஐந்தாவது பிரிகேட் சால்வீன் கரையில் ஒரு ராணுவ முகாமைக் கைப்பற்ற, அன்றிரவே முத்ரா மாவட்டத்தின் டே பு நோ கிராமத்தின் மீது போர்விமானங்கள் குண்டு வீசின.

2024 ஏப்ரல் 11 வாக்கில் மியாவாடியின் கடைசித் தளமான 275ஆவது பட்டாலியன் முகாம் வீழ்ந்து, எஞ்சிய ராணுவத்தினர் இரண்டாவது நட்புறவுப் பாலத்தின் அடியில், தாய்லாந்துக் காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒண்டிக்கிடந்தார்கள். ஆனால் நகரத்துக்குள் உண்மையான செல்வாக்கு சா சிட் துவின் படைக்கே இருந்தது. ராணுவத்திலிருந்து விலகிவிட்டோம் என்று சில மாதங்களுக்கு முன்பு அறிவித்திருந்த அவர்களே, ஒண்டியிருந்த வீரர்களை முகாமுக்குத் திரும்ப அழைத்துவந்தார்கள். கேஎன்யூ வெளியேறியது. மற்ற கரேன் குழுக்களோடு நகருக்குள் போரிட்டு, விமானக் குண்டுகளுக்கும் மக்களைப் பலிகொடுப்பதா என்ற கேள்விக்கு வேறு விடை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவின் மோரேயிலிருந்து மே சொட் வரை திட்டமிடப்பட்ட முத்தரப்பு நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகவே போகிறது என்பதால், புதுதில்லிக்கும் இது வேற்றூர்ச் சண்டை அல்ல.

கேள்வி: கேஎன்யூ இன்று தனிநாடு கேட்கிறதா? அந்த அமைப்பை நல்லது என்று சொல்வீர்களா?
– ஒரு வாசகி, சேலம்

தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, கூட்டாட்சி ஒன்றியத்துக்குள் சுயநிர்ணயம் என்ற நிலைப்பாட்டை, கேஎன்யூ அங்கம் வகித்த தேசிய ஜனநாயக முன்னணி 1984லேயே எடுத்துவிட்டது. இன்றைய பேச்சு, அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: குறைகளோடு, ஆம். ஏனென்றால் அது படை மட்டுமல்ல. அமைப்பின் மாநாடு கூடித் தலைமையைத் தேர்ந்தெடுக்கிறது. 2023இல் பாடோ சா க்வே ஹ்தூ வின் தலைவரானார். வனம், கல்வி, நலவாழ்வு, வேளாண்மை என்று துறைகள் இருக்கின்றன. தன் நிலக்கொள்கையின்படி விவசாயிகளுக்கு நிலப்பத்திரம் கொடுக்கிறது. ராணுவத்தின் தாளில் தரிசு என்று குறிக்கப்பட்ட மலைச்சரிவு, இந்தப் பத்திரத்தில் இன்ன குடும்பம் சுழற்சி முறையில் பயிரிடும் நிலம் என்று பதிவாகிறது. 2018 டிசம்பரில் முத்ரா மாவட்டத்தின் கிராமத்தார் கூடிச் சால்வீன் அமைதிப் பூங்காவை அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,400 சதுர கிலோமீட்டர். அதன் விதிகளைக் கிராமப் பிரதிநிதிகளே வகுத்தார்கள். அதே ஆற்றில் ஹட்ஜீ அணையைக் கட்ட ராணுவமும் வெளிநாட்டு நிறுவனங்களும் திட்டம் போட்டிருந்த சூழலில் அது பெரிய செயல்.

தன் ஆட்கள் தவறிழைத்தபோது நடவடிக்கை எடுத்ததும் உண்டு. 2021இல் கரேன் தேசியப் பாதுகாப்பு அமைப்பின் பிடியிலிருந்த 25 பேர் கொல்லப்பட்டது வெளியே தெரிந்ததும், அதன் தளபதி நெர்டா மியாவை கேஎன்யூ பொறுப்பிலிருந்து இறக்கியது. அவர் போ மியாவின் மகன் என்பது தடையாக இருக்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு முழு நீதி கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

2025 ஆகஸ்டில் ராணுவ அரசு கேஎன்யூவைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. முன்பு மேசையில் எதிரே அமர்ந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதே அமைப்பைத்தான்.

கேள்வி: அகதி முகாம்களில் இருப்பவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

தாய்லாந்து எல்லையில் ஒன்பது முகாம்கள் இருக்கின்றன. முதல் முகாம்கள் 1984இல் அமைந்தவை. பெரியது மே லா. மூங்கில் சுவர், இலைக்கூரை, சிமென்ட் வீடு கட்ட அனுமதியில்லை, வெளியே போய் வேலை செய்ய 2025 வரை சட்டம் இடம்கொடுக்கவில்லை. இப்படியே அங்கே பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். 2005க்குப் பிறகு பல்லாயிரம் பேர் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் குடியேறிவிட்ட போதிலும், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இன்னும் இருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது முகாம் மருத்துவமனைகளின் கதவுகள் மூடப்பட்டன. ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மே சொட்டில் கரேன் மருத்துவர் சிந்தியா மாங் 1989 முதல் நடத்திவரும் மே தாவ் மருத்துவமனை, அகதிகளுக்கும் எல்லை தாண்டி வரும் நோயாளிகளுக்கும் இன்றும் திறந்திருக்கிறது. உணவு உதவியும் சுருங்கிய பின், முகாம்வாசிகள் சட்டப்படி வெளியே வேலை செய்யலாம் என்று தாய்லாந்து அரசு முடிவெடுத்து, 2025 அக்டோபர் முதல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாற்பதாண்டுகளாகக் கேட்கப்பட்ட உரிமை அது. முதியவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கும் அது சோறு போடாது. அவர்களுக்கான அரிசிக்கு முகாம்களில் பணியாற்றும் அமைப்புகள் இன்னமும் நன்கொடை தேடிக்கொண்டிருக்கின்றன.